மதினியின் படத்தில் விழுந்த கறுப்பு

என்னை ஒரு வார்த்தை ஏசாமல் போய்விட்ட என் மதினிக்கு,

பாக்கியம் எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம். இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுத என்ன இருந்தது? தோட்டத்து லயத்தில் நம் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். தட்டினால் கேட்கும். அஞ்சாம் வகுப்போடு நின்ற என் கையெழுத்தைப் பார்த்து, "நாத்தனாரே, இது எழுத்தா, கோழி கிளறுனதா?" என்று நீங்கள் கேட்பது இப்போதும் காதில் விழுகிறது.

வருட நினைவுக்கு நோட்டீஸ் மட்டும் வேண்டாம், அம்மாவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமே அடிக்கலாம் என்று உங்கள் மகள் தர்ஷினி சொன்னாள். "அத்தை, நீங்கதான் எழுதணும். அம்மாவோட கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சது நீங்கதான்" என்றாள். எனக்குக் கண் தெரியவில்லை, எழுத்து வராது, இடுப்பு வலி என்று ஏதேதோ சொல்லி இரண்டு மாதம் தள்ளினேன். இப்போது எழுதுகிறேன். அவள் அச்சடித்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி.

முதலில் இங்கத்திய சங்கதி சொல்கிறேன். மழை விடவில்லை. கீழே ரப்பர் மரங்களில் பால் வெட்டு பாதி நாள் நிற்கிறது. உங்கள் மரங்களை இப்போது மேட்டு லயத்துப் பெண் ஒருத்தி வெட்டுகிறாள். நீங்கள் வெட்டின மரத்தைக் கையால் தடவினாலே தெரிகிறதாம், பட்டையில் ஒரு காயம் இல்லையாம். அதை அவள் என்னிடம் சொன்னபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு மரத்தைக்கூடக் காயப்படுத்தாத கை உங்களுடையது.

தர்ஷினி கார்மென்ட் ஃபாக்டரியில்தான் தைக்கிறாள். இப்போது லைனில் நல்ல பேர். உங்கள் காம்பராவை வெள்ளை அடித்து வைத்திருக்கிறாள். சாமி படத்துக்குக் கீழே உங்கள் படம், மாலை போட்டு. அதற்குப் பக்கத்தில் ஜன்னலில் போன ஞாயிறு வரைக்கும் இன்னொரு படம் தொங்கியது. கொழும்பில் எடுத்த ஸ்கேன் படம். அந்தப் பெரிய கறுப்புத் தாளை இரண்டு கிளிப் போட்டு வெளிச்சத்துக்கு நேரே மாட்டியிருந்தாள். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவாள்.

"இங்க பாருங்க, இந்தக் கறுப்பு. இவ்ளோ பெரிசு. மிஷின் பழுது. பழுது மிஷின்ல எங்கம்மாவ ஏத்திப் படம் எடுத்திருக்காங்க. அங்க நிக்கிற நர்ஸ் மிஸ் ஒன்னுத்தையும் சரியாப் பாக்கல. அதுல நாள் போயிருச்சு. எங்கம்மாவும் போயிட்டாங்க."

அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் வந்தவர்களுக்குப் பால் போடாத பிளேன்டீ ஊற்றிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒரு வருடம் நின்றேன்.

அந்தக் கறுப்பு மிஷின் போட்டதில்லை. நான் போட்டது. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது. நீங்கள் போன பிறகு எனக்கு மட்டும்.

எல்லாரும் படிக்கப் போகிற எழுத்து என்பதால் முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே கிட்னி பலவீனம். அதற்குக் கிளினிக் போன இடத்தில்தான் ஈரலில் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இரத்தினபுரியில் இருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்ன வயது டொக்டர், சிங்களவர், நல்ல மனிதர். அவருக்குத் தமிழ் வராது. உங்கள் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் காணும், அவ்வளவுதான். நான் குமரியாக இருந்தபோது இரத்தினபுரியில் ஒரு சிங்கள நோனா வீட்டில் வேலைக்கு நின்றதால் சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவேன். அதனால் அவர் சொல்வதை உங்களுக்கும் நீங்கள் சொல்வதை அவருக்கும் நான்தான் சொன்னேன். நடுவில் நின்றவள் நான்.

ஈரலில் கட்டி இருக்கிறது, ஆனால் ஒன்றா பலவா என்று தெரியவில்லை என்றார் அவர். ஒன்று என்றால் வெட்டி எடுத்துவிடலாம். பல என்றால் வெட்டக்கூடாது, வேறு வழி பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் எம்.ஆர்.ஐ. என்கிற காந்த மிஷின். சாதாரணமாக அதற்கு ஒரு மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்களாம். உங்கள் கிட்னிக்கு அது ஆகாது. அதற்குப் பதிலாக வேறொன்று இருக்கிறது என்று சொல்லி, மேசையில் இருந்த தாளில் ஈரலை வரைந்து காட்டினார்.

அது இரும்பு மருந்து. இரத்தம் குறைந்தவர்களுக்கு ஏற்றுகிறதுதானாம். அதில் இருக்கிற இரும்பு கண்ணுக்குத் தெரியாது. ஒரு தூசியை எடுத்து ஆயிரம் தரம் உடைத்தால் எவ்வளவு சின்னதாகுமோ அவ்வளவு சின்னது. அதை இரத்தத்தில் விட்டால் நல்ல ஈரல் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். கட்டிக்கு வாங்கத் தெரியாது. காந்த மிஷினில் போட்டுப் படம் எடுத்தால், இரும்பை வாங்கின நல்ல இடம் எல்லாம் இருண்டு போகும், கட்டி மட்டும் வெள்ளையாக நிற்கும். அப்போது எண்ணிவிடலாம். அதுவும் ஒரு பக்கத்துப் படம் இல்லை. கம்ப்யூட்டரில் ஈரலை முழுசாகச் செய்து, பலாப்பழத்தை உருட்டிப் பார்க்கிற மாதிரி மேலே கீழே பின்னால் என்று திருப்பிப் பார்ப்பார்களாம்.

இன்னொன்றும் சொன்னார். வெளிநாட்டில் புதிதாக ஒரு மிஷின் செய்கிறார்களாம். அதில் எலும்பு தெரியாது, சதை தெரியாது. உள்ளே விட்ட இரும்புத் துகள் மட்டும்தான் தெரியும், எல்லாப் பக்கத்தாலும். இங்கே வர இன்னும் நாள் எடுக்கும் என்று சிரித்தார்.

இதையெல்லாம் நான் ஒரு சொல் விடாமல் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள்.

"இரும்ப உள்ள விட்டுட்டு காந்தத்துல படுக்க வச்சா, இழுத்துக்கிட்டு வந்துராதா? கேளு அவர்கிட்ட."

கேட்டேன். வராது அம்மா, அவ்வளவு சின்னது, அது ஓடுகிற இரத்தத்தோடு ஓடும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். அதையும் சொன்னேன். நீங்கள் நம்பிவிட்டீர்கள். அவர் வாயில் இருந்து அதை எடுத்து உங்கள் காதில் போட்ட நான்தான் நம்பவில்லை.

ஏன் நம்பவில்லை? நான் தேயிலை ஃபாக்டரி ஸ்டோரில் தூள் சலிக்கிற இடத்தில் ஆறு வருடம் நின்றவள். அங்கே தூள் ஓடுகிற பட்டைக்கு மேலே ஒரு காந்தம் தொங்கும். தேயிலையோடு கலந்து வருகிற இரும்பை அது இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இரும்புதான். ஓடுகிற தூளோடு ஓடி வருகிறதுதான். ஆனாலும் வேலை முடிகிறபோது பார்த்தால் காந்தத்தில் கறுப்பு முடி முளைத்த மாதிரி நிற்கும். அதைத் துணியால் துடைக்கிறது என் வேலை. அப்படி இருக்க, உங்கள் இரத்தத்தில் ஓடுகிற இரும்பை அந்தப் பெரிய காந்தம் விட்டுவைக்கும் என்று எனக்கு யார் சொன்னால் மண்டையில் ஏறும்?

துடைத்துத் துடைத்து நான் கண்ட இன்னொரு சங்கதியும் உண்டு. எப்போதாவது ஓர் ஆணி தேயிலையோடு வந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆணி ஒட்டின இடத்தில் தூள் ஒட்டாது. காந்தத்துக்கு ஓர் ஆணியைக் கொடுத்துவிட்டால் அது தூளை விட்டுவிடும். என் படிப்பு அதுதான் மதினி. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு டொக்டருக்கு மேலே போய்விட்டேன்.

படம் எடுக்கிறதுக்கு முந்தின நாளே மருந்தை ஏற்றினார்கள். வார்ட்டில் சாயங்காலம். போத்தலில் இருந்தது கறுப்பாக, கொஞ்சம் செம்மண் நிறமாக இருந்தது. நீங்கள் குழாயில் அது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்.

"பிளேன்டீயத்தான்டி ஏத்துறாங்க. சீனி போட்டாங்களான்னு அந்த மிஸ்ஸுகிட்ட கேளு."

நான் சிரிக்கவில்லை. உங்கள் கை நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் உங்களைத் தள்ளு நாற்காலியில் வைத்து மிஷின் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனோம். வாசலில் ஒரு மிஸ். வயது ஐம்பது இருக்கும், கண்ணாடி போட்டவர். ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, சட்டைக் கொக்கி, பல் கட்டியிருக்கிறதா, உடம்புக்குள் எங்கேயாவது இரும்பு இருக்கிறதா. கடைசியில், நூலில் கட்டின தாயத்து இருந்தால் அதையும், என்றார். சிங்கள ஆட்களும் தாயத்துக் கட்டுகிறவர்கள்தானே, அவருக்குத் தெரியும். "ஒக்கோம கலவன்ன ஓன, அம்மே" என்றார். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொன்னேன்.

நீங்கள் எல்லாவற்றையும் கழற்றினீர்கள். இடுப்பில் இருந்த தாயத்தையும் அவிழ்த்து என் கையில் கொடுத்தீர்கள். ஈரலில் கட்டி என்று கேட்ட அன்றைக்கு முனியாண்டி கோயில் பூசாரியிடம் நான் கட்டி வாங்கினது அது. உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சோறு போட்ட ஆயுதத்தில் ஒரு துண்டு கொண்டா, அதுதான் நிற்கும் என்று பூசாரி கேட்டார். உங்கள் அம்மா பால் வெட்டின கத்தி உடைந்து கூரை இடுக்கில் கிடந்ததே, அதன் முனையை அரத்தால் அறுத்துக் கொடுத்தேன்.

உடுப்பு மாற்றுகிற மறைவில் நாம் இரண்டு பேர்தான். ஆஸ்பத்திரி அங்கியை உங்களுக்குப் போட்டுவிட்டு முதுகுப் பக்கம் நாடாவை முடிந்தேன். நாடாவோடு சேர்த்து அந்தத் தாயத்தையும் உள்பக்கமாக, வலப் பக்க இடுப்பில் கட்டினேன். காந்தம் இழுத்தால் இதை இழுக்கட்டும், உங்கள் இரத்தத்தை விடட்டும் என்று கட்டினேன்.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். நான் கண்ணால் சும்மா இருங்கள் என்றேன். நீங்கள் சும்மா இருந்தீர்கள்.

வெளியே வந்ததும் மிஸ் என்னிடம்தான் கேட்டார், எல்லாம் கழற்றியாயிற்றா என்று. உங்களிடம் கேட்கவில்லை. பாஷை தெரிந்தவள் என்று என்னை நம்பினார். நான் ஆமாம் என்றேன்.

முக்கால் மணி நேரம் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே தகரத்தில் அடிக்கிற மாதிரிச் சத்தம். ஒவ்வொரு அடிக்கும், என் ஆணி பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். எனக்குள் ஒரு பெருமை வேறு. அதை நினைக்கும்போதுதான் மதினி எனக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

நீங்கள் வெளியே வந்ததும் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் அவிழ்த்து என் முந்தானையில் முடிந்துகொண்டேன். திரும்பி வந்தால் டொக்டரும் இன்னும் இரண்டு பேரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் நிற்கிறார்கள். ஈரல் இருக்க வேண்டிய வலப் பக்கம் முழுக்க ஒரு கறுப்பு. சுற்றிலும் வெள்ளை விளிம்பு, நடுவில் ஒன்றுமே இல்லை. மருந்தின் இருட்டு இப்படி இருக்காது, பக்கத்தில் ஏதோ இரும்பு இருந்து படத்தை அழித்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கட்டி எல்லாம் அதற்குள்ளே. ஒன்று இருந்தாலும் தெரியாது, பல இருந்தாலும் தெரியாது.

டொக்டர் உங்களிடம் கேட்கச் சொன்னார், உடம்பில் ஏதாவது இருந்ததா என்று. நான் அதைத் தமிழில் கேட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். அவரைப் பார்த்து நீங்களே சிங்களத்தில் சொன்னீர்கள், "நே சேர்." இல்லை என்று.

மருந்துக் கடையில்கூட வாய் திறக்க வெட்கப்படுகிற நீங்கள், எனக்காக அந்த ஒரு சொல்லை அவர்கள் பாஷையில் பொய்யாகச் சொன்னீர்கள்.

பால் வெட்டுகிறவர், கத்தித் துணுக்கு ஏதாவது உடம்பில் ஏறியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த மிஸ்ஸைக் கூப்பிட்டார்கள். பெரியவர் ஒருத்தர் எல்லார் முன்னாலும் அவரை ஏசினார். தாளில் எல்லாவற்றுக்கும் அடையாளம் போட்டிருக்கிறாயே, பார்த்துப் போட்டாயா பார்க்காமல் போட்டாயா என்று. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். நான் கேட்டேன் சேர், கேட்டேன் என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்தார். நான் உங்கள் சீப்பைப் பைக்குள் தேடினேன்.

இரத்தினபுரி பஸ் அவிசாவளை ஊரைத் தாண்டியது. பிறகு சொன்னீர்கள்.

"பாக்கியம், அது என்னைய இழுத்துச்சுடி. உள்ள போனதுலேருந்து. புள்ள முந்தானையப் புடிச்சு இழுக்குமே, அப்புடி."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல மதினி? கையில ஒரு பந்து குடுத்திருந்தாங்களே, அமுக்குனா நிப்பாட்டுவாங்களே."

"நீதான கட்டுன."

அந்தத் தாயத்துக்குள் அப்படி என்னதான் வைத்திருக்கிறாய் என்று கேட்டீர்கள். உங்க அம்மா கத்தி மொனை என்றேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"உயிரோட இருந்தப்பவும் எங்கம்மா என்னைய நிம்மதியாப் படுக்க விட்டதில்ல. இப்பவுமா?"

அதுதான் மதினி நீங்கள் எனக்குக் கொடுத்த தண்டனை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த இரும்பு மருந்து நிறைய இருப்பதில்லை, திரும்பத் தருவிக்க வேண்டும், மிஷினுக்கும் வரிசை இருக்கிறது என்று அடுத்த மாதக் கடைசியில் நாள் கொடுத்தார்கள். அந்த நாள் வருவதற்குள் உங்கள் கண் மஞ்சளாகிவிட்டது. வயிற்றில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. மறுபடி கொண்டுபோனபோது டொக்டர் உங்கள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி மிஷினில் போட்டு அவர்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். அதை மட்டும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு விளங்கியது.

ஒன்றா, பலவா? இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. பல என்றிருந்தால் என் தாயத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் போயிருப்பீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சாமியிடம் கேட்டிருக்கிறேன். உங்களுக்குப் பல கட்டி இருந்திருக்க வேண்டும் என்று வேண்டினவள் நான். இப்படி வேண்டுகிற ஒரு நாத்தனாரை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இவ்வளவு நாள் மூடி வைத்ததை இப்போது ஏன் திறக்கிறேன் என்று கேட்பீர்கள். நாலாம் காம்பரா ராணிதான் காரணம்.

ராணிக்கும் கிட்னி சரியில்லை, உங்களுக்குத் தெரியும். இப்போது வயிற்றிலும் ஏதோ காட்டுகிறதாம். அதே ஆஸ்பத்திரி, அதே காந்த மிஷின், அதே இரும்பு மருந்து. வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லித் துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ராணி துண்டை எடுத்துக்கொண்டு தர்ஷினியிடம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் அங்கேதான் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். தர்ஷினி ஜன்னல் படத்தைக் காட்டினாள்.

"போகாதீங்க மாமி. இதே மிஷின்தான். எங்கம்மாவுக்குப் பண்ணுனது போதும்."

"நானும் அதான் நெனச்சேன் புள்ள. கண்ட மிஷின்ல படுத்துச் சாகுறதுக்கு, நம்ம காம்பராவுலயே சாகலாம்" என்று ராணி துண்டை நாலாக மடித்தாள். அடுப்பில் போடப் போகிறாள் என்று அந்த மடிப்பிலேயே தெரிந்தது. அவளுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். சின்னது இன்னும் ஸ்கூல் போகிறது.

நான் முறத்தைக் கீழே வைத்தேன். கையெல்லாம் உமி.

"மிஷின் பழுதில்ல" என்றேன்.

"உங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றாள் தர்ஷினி.

எழுந்து என் காம்பராவுக்குப் போனேன். பவுடர் டப்பாவில் இருந்த தாயத்தை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டோர் காந்தம், ஆணி, நாடா முடிச்சு, மிஸ் கேட்டது, நான் ஆமாம் என்றது, நீங்கள் இல்லை என்றது, எல்லாம். இங்கே எழுதுகிற மாதிரி வரிசையாக இல்லை. முன்னும் பின்னுமாக உளறினேன். ராணி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

தர்ஷினி என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் ஜன்னலுக்குப் போனாள். தாயத்தை அந்தப் படத்தின் மேல், கறுப்புக்கு நடுவில் வைத்துப் பிடித்தாள். சுண்டு விரலில் பாதி இல்லை அது. கறுப்பு அவள் உள்ளங்கையை விடப் பெரிசு. ஓர் ஓரத்தையாவது எட்டுகிறதா என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"இத்துணூண்டுக்கா?" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரியும் இல்லை. "இத்துணூண்டுக்கா இவ்ளோ இருட்டு?"

பிறகு கிளிப்பைக் கழற்றிப் படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தாள். தாயத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "நீங்களே வச்சுக்குங்க" என்றாள். அன்றையில் இருந்து நேற்று வரைக்கும் என்னோடு பேச்சில்லை. நான் சுவரில் தட்டினாலும் பதில் இல்லை. அவள் செய்வது சரிதான்.

லயத்தில் தெரிந்துவிட்டது. குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. பாவம், தெரியாமல் செய்தாள் என்றும் ஒருத்தி சொன்னாளாம். தெரியாமல் செய்தேனா? கட்டும்போது தெரியாது, அது உண்மை. படத்தில் கறுப்பு விழுந்ததைப் பார்த்த நிமிடம் தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே, சேர், என் தப்பு என்று சொல்லியிருந்தால்? இரும்பு அப்போது உங்கள் உடம்பில்தான் இருந்தது. திரும்பப் படுக்க வைத்திருப்பார்களோ? அன்றைக்கே இல்லாவிட்டாலும் மறுநாள்? டொக்டரிடம் இதைக் கேட்க எனக்குப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

அவர் சொன்ன அந்த வெளிநாட்டு மிஷினை அடிக்கடி நினைக்கிறேன். எலும்பும் சதையும் தெரியாமல் இரும்பு மட்டும் தெரிகிற மிஷின். அதில் அன்றைக்கு உங்களைப் போட்டிருந்தால் நான் கட்டினதும் தெரிந்திருக்குமோ என்னவோ. தெரிந்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருப்பேன். பிடிபட்டிருந்தால் நல்லது.

ராணி போகச் சம்மதித்துவிட்டாள். ஆனால் என்னிடம் நேராகவே கேட்டாள்.

"பாக்கியக்கா, நீ என்னோட வர்றது சரி. எனக்கும் ஏதாச்சும் கட்டி விட்டுருவியா?"

"இல்லடி" என்றேன். அவள் சிரிக்கத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று சாயங்காலம் தர்ஷினி வேலை விட்டு வந்தவள் தன் காம்பராவுக்குப் போகாமல் என் வாசல் இஸ்தோப்பில் வந்து நின்றாள். கையில் ஒரு பை. உள்ளே நீலத் துணியில் தைத்த பாவாடையும் மேல்சட்டையும். உள்ளே திருப்பி, ஒவ்வொரு தையலையும் விரலால் நீவிக் காட்டினாள். கொக்கி இல்லை, ஜிப் இல்லை, ஊசி இல்லை. எல்லா இடத்திலும் துணி நாடா.

"இதுல இரும்பு இல்ல. ராணி மாமிகிட்ட குடுங்க. போறப்பவும் வர்றப்பவும் இதையே போட்டுக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அத்தை என்று கூப்பிடவில்லை. பிறந்ததில் இருந்து அவள் என்னிடம் ஒரு பேச்சை அத்தை என்று சொல்லாமல் முடித்ததில்லை. அந்தச் சொல் இல்லாத பேச்சை வாங்கிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். அது திரும்பி வருமா மதினி? உங்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ராணியோடு போகிறேன். தாயத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவேன். டொக்டர் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவளுக்குச் சொல்வேன், என் மண்டையில் ஏறினாலும் ஏறாவிட்டாலும். கதவருகே அந்தக் கண்ணாடி போட்ட மிஸ் இருந்தால், முதலில் அவர் முன்னால் போய் நிற்பேன். இல்லையென்றால் எங்கே என்று கேட்டுப் போவேன். நீங்கள் கேட்டீர்கள் மிஸ், நான்தான் பொய் சொன்னேன் என்று அவர் பாஷையில், அன்றைக்கு அவரை ஏசினவர்கள் காதில் விழுகிற மாதிரிச் சொல்வேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அன்றைக்கு மாதிரிப் பைக்குள் சீப்புத் தேட மாட்டேன்.

இதை உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் படத்துக்கு முன்னால் வந்து, சொல்லிவிட்டேன் மதினி என்று சொல்வேன். தர்ஷினி உள்ளே விட்டால் உள்ளே வந்து. விடாவிட்டால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று.

உங்கள் இடுப்பில் இருட்டைக் கட்டிவிட்ட,
உங்கள் புருஷனின் தங்கை,
உங்கள் நாத்தனார் பாக்கியம்